புள்ளி ஒரு சுவர் அல்ல

 

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஒரு காபியோடு உட்கார்ந்து படியுங்கள். கணக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள். பரீட்சை எல்லாம் வைக்க மாட்டேன்.

என்னிடம் படித்த உங்களில் பலருக்கு இப்போது ஐந்தாவது, ஆறாவது படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று வருகிற போன் மட்டும் நிற்கவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகம் வருவதைக் கவனித்தேன். "டீச்சர், 0.5 பெருசா, 0.45 பெருசான்னு கேட்டா பையன் 0.45-ங்கறான். எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறல." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதல் காரியம், அந்தப் பையனைத் திட்டாதீர்கள். "ஏன் கண்ணு அப்படிச் சொல்றே?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

அவன் சொல்லப்போவது இதுதான்: "நாப்பத்தஞ்சு, அஞ்சை விடப் பெருசுதானே?"

அவன் சொல்வதில் தப்பே இல்லை. நாற்பத்தைந்து ஐந்தை விடப் பெரியதுதான். அவன் புள்ளியை ஒரு சுவராகப் பார்க்கிறான். சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் இன்னோர் எண். இந்தப் பக்கம் இரண்டும் பூஜ்யம். அந்தப் பக்கம் ஒன்றில் 5, இன்னொன்றில் 45. எது பெரியது? அவன் முடிவு அவன் பார்வைக்குச் சரி. பார்வையைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

இந்தச் சுவரை அவனுக்கு யார் கட்டிக்கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? நாம்தான். சுற்றிலும் பாருங்கள்.

கிரிக்கெட்டில் 19.5 ஓவர் என்று திரையில் வருகிறது. அடுத்த பந்து போட்டால் 20 ஓவர் முடிந்தது. அங்கே புள்ளிக்கு வலது பக்கம் இருப்பது பந்து எண்ணிக்கை. ஆறு பந்து சேர்ந்தால் ஓர் ஓவர். அது தசம எண்ணாக இருந்தால் 19.5 என்பது பத்தொன்பதரை ஓவர், இன்னும் மூன்று பந்து பாக்கி இருக்க வேண்டும்! நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தசமம் படிப்பதற்கு முன்பே டிவியில் இந்தப் புள்ளியைப் படித்துவிடுகிறார்கள்.

மணி 10.30 என்று எழுதுகிறோம். அங்கே அறுபது சேர்ந்தால்தான் ஒரு மணி. பாடப்புத்தகத்தில் 1.9-க்கு அடுத்த பகுதி 1.10 என்று இருக்கிறது. அங்கே 1.10 பின்னால் வருவது, 1.9 முன்னால் வருவது. கல்யாணத்துக்கு வருகிற பயோடேட்டாவில் மாப்பிள்ளையின் உயரம் 5.11 என்று போட்டிருக்கும். 5.9 உயரக்காரரை விட அவர் உயரம். ஐந்தடி பதினோரு அங்குலம், ஐந்தடி ஒன்பது அங்குலம். இங்கெல்லாம் புள்ளி உண்மையிலேயே ஒரு சுவர். இரண்டு தனித்தனி எண்களைப் பிரிக்கத்தான் அது நிற்கிறது.

இத்தனையையும் பார்த்து வளர்கிற பிள்ளை, கணக்கு நோட்டிலும் அதே புள்ளியைப் பார்த்தால் என்ன நினைக்கும்? அதனால்தான் முதல் பாடமாகச் சொல்ல வேண்டியது இது: "இந்தப் புள்ளி வேறு. இது சுவர் இல்லை."

அப்படியானால் என்ன?

ஒன்று, பத்து, நூறு என்று இடமதிப்பு உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கும். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோமே. பத்து ஒன்று சேர்ந்தால் ஒரு பத்து. பத்து பத்து சேர்ந்தால் ஒரு நூறு. இடது பக்கம் ஒரு வீடு தள்ளினால் பத்து மடங்கு. அதே வழியில் திரும்பி வாருங்கள். நூறு, பத்து, ஒன்று. வலது பக்கம் ஒரு வீடு வந்தால் பத்தில் ஒரு பங்கு. ஒன்றோடு ஏன் நிற்க வேண்டும்? அந்த ஒன்றையும் பத்தாக வெட்டினால் பத்தில் ஒன்று. அதையும் பத்தாக வெட்டினால் நூறில் ஒன்று. அடுத்தது ஆயிரத்தில் ஒன்று. தெரு அதே தெரு, விதி அதே விதி. புதிதாக ஒன்றும் வரவில்லை.

அப்புறம் புள்ளி எதற்கு? ஒன்றின் வீடு எது என்று காட்ட. அவ்வளவுதான். 325 என்று வெறுமனே எழுதினால் கடைசி எண்தான் ஒன்றின் வீடு என்று நமக்குத் தெரியும். ஒன்றுக்கு அப்பாலும் வீடுகள் வந்துவிட்டால் எது ஒன்றின் வீடு என்று எப்படித் தெரியும்? அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். 3.25 என்றால், புள்ளிக்கு முன்னால் நிற்கிற 3 இருக்கிறதே, அதுதான் ஒன்றின் வீடு.

கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். "டீச்சர், இந்தப் பக்கம் ஒன்று, பத்து, நூறு இருக்கு. அந்தப் பக்கம் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று இருக்கு. ஒன்றில் ஒன்று எங்கே?" அவர்கள் புள்ளியை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்க்கிறார்கள். தெருவின் நடுவீடு புள்ளி இல்லை, ஒன்றுதான். ஒன்றுக்கு இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்தில் ஒன்று. அதற்கு அடுத்து இடப்பக்கம் நூறு, வலப்பக்கம் நூறில் ஒன்று. இப்படி வரைந்து காட்டினால் அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதற்காகவே இன்னும் பத்து வருடம் வேலை பார்க்கலாம்.

1585-ஆம் ஆண்டு சைமன் ஸ்டெவின் என்பவர் பிளெமிஷ் மொழியில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதன் பெயருக்கே 'பத்தில் ஒன்று' என்றுதான் பொருள். நிலம் அளக்கிறவர்கள், துணி அளக்கிறவர்கள், வியாபாரிகள் எல்லாம் பின்னக் கணக்கில் திண்டாடாமல் இருக்கட்டும் என்று எழுதியது. ஐரோப்பாவில் தசமக் கணக்கை அன்றாடப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குள் அதன் இடத்தை எழுதினார். ஒன்றின் வீட்டுக்கு 0, பத்தில் ஒன்றுக்கு 1, நூறில் ஒன்றுக்கு 2. எல்லா வீட்டுக்கும் கதவு எண் போட்ட மாதிரி! எழுதுவதற்குச் சிரமம்தான். ஆனால் அதில் 45 என்று சேர்த்துப் படிக்கவே முடியாது. நாலுக்கு ஒரு கதவு எண், ஐந்துக்கு இன்னொரு கதவு எண். நம் பிள்ளைகளுக்கும் முதல் இரண்டு வாரம் இப்படி வீட்டுப் பெயரோடு எழுதச் சொல்லலாம்.

இனி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கு வருகிறேன்.

கட்டம் போட்ட நோட்டில் பத்துக்குப் பத்து ஒரு சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த முழுத்தாள்தான் ஒன்று. அதை நீளவாக்கில் பத்துப் பட்டையாக வெட்டினால் ஒரு பட்டை பத்தில் ஒன்று. ஒரு பட்டையைப் பத்தாக வெட்டினால் ஒரு சின்னக் கட்டம் நூறில் ஒன்று. இப்போது 0.5 எடு என்று சொல்லுங்கள். ஐந்து பட்டை எடுப்பான். 0.45 எடு. நாலு பட்டை, ஐந்து சின்னக் கட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம். தாள் சொல்லிவிடும்.

எங்கள் பள்ளியில் மீட்டர் அளவுகோலை வைத்து உயரம் அளப்போம். ஒரு வருடம் ஆறாம் வகுப்பில் இரண்டு பையன்கள். ஒருவன் 1.3 மீட்டர், இன்னொருவன் 1.28 மீட்டர். கரும்பலகையில் எழுதியதும் 1.28 காரன் குதிக்கிறான், "நான்தான் உயரம்" என்று. வகுப்பில் பாதி அவன் கட்சி. நான் ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நில்லுங்க" என்றேன். நின்றார்கள். வகுப்பே பார்த்தது. 1.28 காரன் குதிகாலைத் தூக்கிப் பார்த்தான், இரண்டு சென்டிமீட்டர் எட்டவில்லை! அப்புறம் அவனே வந்து அளவுகோலைப் பார்த்து, "டீச்சர், 1.3-ன்னா 130 சென்டிமீட்டர், நான் 128" என்று சொன்னான். அதற்கப்புறம் அந்த வகுப்பில் ஒருவருக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை. அந்தப் பையன் இப்போது ஆறடி. இதைப் படித்தால் சிரிப்பான்.

படிக்கும் முறையும் முக்கியம். 0.45-ஐ "பூஜ்யம் புள்ளி நாற்பத்தைந்து" என்று படிக்காதீர்கள். "பூஜ்யம் புள்ளி நான்கு ஐந்து" என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். நாற்பத்தைந்து என்று சொல்லியே ஆக வேண்டும் என்றால், எதில் நாற்பத்தைந்து என்பதையும் சேர்த்து, "நூறில் நாற்பத்தைந்து" என்று சொல்லுங்கள். அதுவும் சரிதான். வெறும் நாற்பத்தைந்து என்று விட்டுவிடுவதுதான் சிக்கல்.

இன்னொரு விஷயம். சில பிள்ளைகள் 0.5 தான் பெரியது என்று டக்கென்று சொல்லிவிடும். நாமும் மகிழ்ந்து போய் அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். நில்லுங்கள். 0.3 பெரியதா, 0.45 பெரியதா என்றும் கேளுங்கள். "0.3 தான் பெருசு" என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளை "நீளமாக இருந்தால் சின்னது" என்று தானாக ஒரு விதி வைத்திருக்கிறது என்று அர்த்தம். நூறில் ஒன்று பத்தில் ஒன்றை விடச் சின்னது என்று நாம் சொன்னதை அப்படிப் பிடித்துக்கொண்டது. முதல் கேள்விக்கு வந்த சரியான விடை தற்செயலாக வந்தது. அதனால் எப்போதும் இரண்டு கேள்வியாகக் கேளுங்கள்.

எண்ணின் நீளத்துக்கும் மதிப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று காட்ட நம் தமிழிலேயே அருமையான வழி இருக்கிறது. அரை, கால், அரைக்கால், வீசம். பெரியவர்கள் வாயில் கேட்டிருப்பீர்கள். அரையில் பாதி கால். காலில் பாதி அரைக்கால். அரைக்காலில் பாதி வீசம், அதாவது பதினாறில் ஒன்று. இதைத் தசமத்தில் எழுதிப் பாருங்கள்.

அரை – 0.5
கால் – 0.25
அரைக்கால் – 0.125
வீசம் – 0.0625

பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் எழுத்தில் நீண்டுகொண்டே போகிறது! கால் தோசை அரைத் தோசையை விடச் சின்னது என்று எந்தக் குழந்தைக்குத் தெரியாது? ஆகவே 0.25, 0.5-ஐ விடச் சின்னது. இந்த நாலு வரியை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

என் அப்பா சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். வீசக் கணக்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. காரணம், அப்போதைய ரூபாயே அப்படித்தான் இருந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. அரை ரூபாய் எட்டணா, கால் ரூபாய் நாலணா, அரைக்கால் இரண்டணா, வீசம் ஓரணா. வாயில் இருக்கிற சொல்லும் கையில் இருக்கிற காசும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருந்தன. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசம நாணயம் வந்தது. ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. நாலணா 25 பைசா, எட்டணா 50 பைசா, அதில் சண்டை இல்லை. ஆனால் ஓரணா என்பது 6.25 பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று வைத்தார்கள். ஓரணாச் சாமானை நாலு தடவை வாங்கினால் 24 பைசா, நாலணாச் சாமானை ஒரே தடவையில் வாங்கினால் 25 பைசா! கடையில் இதை வைத்தே வாக்குவாதம் நடக்கும் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். பாதி பாதியாகக் குறைக்கிற பழக்கத்திலிருந்து பத்துப் பத்தாகக் குறைக்கிற பழக்கத்துக்கு ஒரு நாடே மாறிய கதை அது. பெரியவர்களுக்கே அத்தனை சிரமம் என்றால், ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு ஒரு மாதம் கொடுக்க மாட்டோமா?

நீங்கள் படித்த காலத்தில் தசமம் என்றாலே ரூபாய் பைசாதான் உதாரணம். 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன. இன்றைய பிள்ளைகள் பைசாவைக் கையில் பார்த்ததே கிடையாது. பத்துப் பைசா பத்து சேர்ந்தால் ஒரு ரூபாய் என்று சொன்னால் கதை கேட்கிற மாதிரி கேட்கிறார்கள். போதாததற்கு ரூபாய் பைசாவில் அந்தச் சுவர் புத்தியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரூ.7.50 என்பதை "ஏழு ரூபாய், ஐம்பது பைசா" என்று இரண்டு எண்ணாகத்தானே படிக்கிறோம்? அதனால் ரூபாயை விட அளவுகோலும் தராசும் நல்லது. காய்கறிக் கடையில் எலக்ட்ரானிக் தராசு 1.050 என்று காட்டினால், "இது ஒரு கிலோ எத்தனை கிராம்?" என்று கேளுங்கள். ஐந்து கிராமா, ஐம்பதா? 1.5 என்று காட்டினால்? அங்கேதான் பாடம் இருக்கிறது.

பூஜ்யத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0.5-க்குப் பின்னால் பூஜ்யம் போட்டு 0.50 என்றாலும் மதிப்பு மாறாது. ஐந்து பட்டைதான், கூடவே சின்னக் கட்டம் ஒன்றும் இல்லை என்று சொல்கிறோம். ஆனால் புள்ளிக்கும் ஐந்துக்கும் நடுவே பூஜ்யம் நுழைந்தால் ஐந்து ஒரு வீடு வலப்பக்கம் தள்ளிப்போய்விடும். 0.05 என்பது ஐந்து சின்னக் கட்டம்தான். "பத்தால் பெருக்கினால் ஒரு பூஜ்யம் சேர்" என்று சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற குறுக்குவழியும் இங்கே கவிழ்த்துவிடும். 2.5-ஐப் பத்தால் பெருக்கு என்றால் 2.50 என்று எழுதுவார்கள். பத்தால் பெருக்கினால் ஒவ்வோர் எண்ணும் ஒரு வீடு இடப்பக்கம் நகர்கிறது என்று சொன்னால் முழு எண்ணுக்கும் சரி, தசமத்துக்கும் சரி.

"இதெல்லாம் தெரிந்து என்ன டீச்சர் ஆகப்போகுது, போன்லயே கால்குலேட்டர் இருக்கு" என்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பால் ஊற்றுகிற ஒரு அம்மா. இரண்டு கறவை மாடுதான் அவர்கள் ஜீவனம். சொசைட்டியில் பாலின் கொழுப்பைப் பார்த்து விலை போடுவார்கள். முன்பெல்லாம் பாஸ்புக்கில் 4.5 என்று ஓர் இலக்கத்தோடு எழுதுவார்கள். புது மெஷின் வந்தபின் இரண்டு இலக்கமாக எழுத ஆரம்பித்தார்கள். ஒருநாள் 4.38 என்று எழுதி, காசு குறைவாக வந்திருந்தது. அந்த அம்மா கொதித்துப்போய் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். "ஏனுங் டீச்சர், அப்ப அஞ்சுன்னு போட்டப்ப அவ்வளவு காசு. இப்ப முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு, காசு கம்மி. படிக்காதவன்னு ஏமாத்தறாங்கதானுங்? நாளையிலிருந்து சொசைட்டிக்கு ஊத்தறதில்லீங்." வெளி ஆளுக்கு ஊற்றினால் கையில் வருவது இன்னும் குறைவு.

அவர்கள் மகள் என் ஆறாம் வகுப்பில் இருந்தாள். "அம்மிணி, நீயே அம்மாவுக்குச் சொல்லு" என்றேன். அவள் கட்டத்தாளை எடுத்து நாலரைத் தாள் ஒரு பக்கம், நாலு தாள், மூன்று பட்டை, எட்டுக் கட்டம் இன்னொரு பக்கம் என்று தரையில் பரப்பினாள். "இது அன்னைக்கு. இது இன்னைக்கு. பன்னெண்டு கட்டம் கம்மிம்மா." அந்த அம்மா ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப அவங்க ஏமாத்தலியா?" என்றார்கள். குரலில் கோபம் இல்லை. அப்புறம் பேச்சு மாட்டுத் தீவனத்துக்குப் போனது. மழைக்குப் பிறகு வெறும் பச்சைப்புல்லாகவே மேய்ந்திருக்கிறது. அப்படி மேய்ந்தால் பாலில் கொழுப்பு கொஞ்சம் இறங்கும். சோளத்தட்டும் சேர்த்துப் போடச் சொன்னோம். அன்று முதல் அந்தப் பாஸ்புக் கணக்கு மகள் பொறுப்பு. பழைய 4.5-க்கெல்லாம் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொண்டு ஒப்பிடுவாள். யாராவது ஏமாற்றினால் கண்டுபிடிக்கவும் இந்தப் படிப்பு வேண்டும், ஏமாற்றவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கவும் இதே படிப்பு வேண்டும். அம்மிணி, இதைப் படிப்பாய் என்று தெரியும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இரண்டாவது, குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிற இன்னொரு மாணவி சொன்னது. அவர்களுக்கு ஒரு விதி உண்டாம். மருந்தின் அளவு எழுதும்போது புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம். வெறும் .5 என்று எழுதக் கூடாது, 0.5 என்றுதான் எழுத வேண்டும். முழு எண்ணுக்குப் பின்னால் .0 போடவும் கூடாது, 5.0 என்று எழுதாமல் 5 என்று விட வேண்டும். ஏன் தெரியுமா? .5-ல் புள்ளி மங்கினால் 5 ஆகிவிடும். 5.0-ல் புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும். இரண்டிலும் மருந்து பத்து மடங்கு. கைக்குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் இரவுப் பணியில் ஒரு சீட்டு. 5 என்பது மாதிரித் தெரிகிறது. அவளுக்கு மனசு ஒப்பவில்லை. குழந்தையின் எடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். நேராக டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் எழுதியது .5 தான், புள்ளி சரியாக விழவில்லை. "புள்ளி என் கண்ணுக்குத் தெரியவே இல்ல டீச்சர். இந்த எடைக்கு இவ்வளவு வராதேன்னுதான் தோணுச்சு" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தத் தோணல்தான் இடமதிப்பு. எண்ணைப் பார்த்ததும், இது எவ்வளவு பெரியது, இந்த இடத்துக்கு இது பொருந்துமா என்று மனசு கேட்க வேண்டும். கால்குலேட்டர் அழுத்தியதற்குப் பதில் சொல்லும். தப்பாக அழுத்தினால் தப்பான பதிலை அதே தைரியத்தோடு சொல்லும். "இவ்வளவு வராதே" என்று அதற்குத் தோன்றாது.

அதனால்தான் சொல்கிறேன். தசமத்தை ஒரு மதிப்பெண் கணக்காக நினைத்து, "இரண்டு பக்கமும் பூஜ்யம் போட்டுச் சமமாக்கி ஒப்பிடு" என்ற சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அந்த வழி சரியான வழிதான். ஆனால் தாளை வெட்டி, உயரம் அளந்து, தராசைப் பார்த்து, ஏன் பூஜ்யம் போடுகிறோம் என்று தெரிந்த பிறகு அது வரட்டும்.

இந்த வாரம் வீட்டில் செய்ய மூன்று வேலை தருகிறேன். ஒன்று, குடும்பத்தில் எல்லோர் உயரத்தையும் மீட்டரில் அளந்து, கதவு நிலையில் கோடு போட்டு, தசமத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு, மருந்து பாட்டிலோடு வருகிற சொட்டுக்குழாயில் தண்ணீர் எடுத்து, 0.5 எங்கே இருக்கிறது என்று பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள். மூன்று, கிரிக்கெட் பார்க்கும்போது, "இந்த 19.5-ம் கணக்கு நோட்டில் இருக்கிற 19.5-ம் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வாதம் தானாகக் கிளம்பும். கிளம்பட்டும்.

உங்கள் பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். சரியான பதிலை விடத் தப்பான பதில்களைத்தான் நான் ஆவலோடு படிப்பேன். எந்தப் பிள்ளை என்ன நினைத்து அப்படிச் சொல்லியிருக்கும் என்று யோசிப்பதில் எனக்கு இன்னும் அலுப்பே வரவில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்